பாதரசம் வந்த வருடம்

மார்ச் 3

கலங்கரை விளக்கக் காவலர் ஒருவரின் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். நடப்பது 1860-ல். பத்திக்குப் பத்தி சந்தேகம் வந்து எழுத்து நின்றுவிடுகிறது, என்ன எண்ணெய் எரித்தார்கள், விளக்கின் கண்ணாடி வில்லையை (லென்ஸை) எதால் துடைத்தார்கள் என்று. இன்று முதல் தகவல் தேட ஏஐயை வைத்துக்கொள்கிறேன். ஒரு வாக்கியம்கூட அது எழுதக் கூடாது.

மார்ச் 5

சுழலும் வில்லையைப் பாதரசத் தொட்டியில் மிதக்க விடுவார்கள், டன் கணக்கில் எடை இருந்தாலும் கையால் தள்ளிவிடலாம் என்று எப்போதோ படித்திருந்தேன். அந்தப் பாதரசத்தை 1860-ல் எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று ஏஐயிடம் கேட்டேன். துணியில் வடிகட்டியது, அதன் ஆவி நரம்பைத் தாக்கி நடுக்கமும் மறதியும் வருவது என்று விரிவாகச் சொன்னது. ராத்திரி இரண்டு மணி வரை ஆறு பக்கம் எழுதினேன். காவலருக்குக் கை நடுங்குகிறது, மகள் பெயர் சட்டென்று வரமாட்டேன் என்கிறது. இந்த நாவலில் இதுவரை எழுதியதில் இதுதான் நல்ல அத்தியாயம்.

மார்ச் 9

அந்த அத்தியாயம் நிற்காது. பாதரச மிதவை புழக்கத்துக்கு வந்ததே 1890-களில்தான். அதற்கு முன் வில்லை உருளைகளின் மேல் சுற்றியது, எடைக்கல் மெல்ல இறங்க இறங்க ஓடும் கடிகார எந்திரம் அதைச் சுழற்றியது. ஒரு வரலாற்று நூலில் தற்செயலாகப் பார்த்தேன், வயிற்றைக் கலக்கிவிட்டது.

பழைய உரையாடலைத் திரும்பப் படித்தால் தப்பு என் கேள்வியிலேயே இருக்கிறது. தொட்டி இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை, எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். இருந்ததாக வைத்துக்கொண்டு அதுவும் பதில் சொல்லிவிட்டது. ஆதாரம் கேட்டதற்கு மூன்று புத்தகங்கள் தந்தது, அதில் ஒன்று எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. 2023-ல் நியூயார்க்கில் சாட்ஜிபிடி தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. நான் அச்சுக்கு முன்பே பார்த்துவிட்டேன், அந்த மட்டும் சரி.

மார்ச் 14

கேட்கும் விதத்தை மாற்றினேன். நான் நினைத்திருப்பதை முதலில் சொல்வதில்லை. "விளக்கறையில் என்னென்ன இருக்கும், எது எப்போது வந்தது, இதைத் தேட அந்தத் துறையில் என்ன சொல் வழங்குகிறது?" இதில் கடைசிக் கேள்விதான் பொன். பதிலை நம்ப வேண்டியதில்லை, அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு நானே மூல ஆவணத்துக்குப் போய்விடலாம். அப்படித்தான் அமெரிக்கக் கலங்கரை விளக்க வாரியம் 1881-ல் காவலர்களுக்காக அச்சிட்ட கையேட்டின் ஸ்கேன் கிடைத்தது. முரட்டுத் துணி உரசிக் கண்ணாடியில் கீறல் விழாமலிருக்க வில்லை துடைக்கும்போது லினன் மேலங்கி போட்டுக்கொள்ள வேண்டும். விடிந்ததும் விளக்கறைக்குத் திரை போட வேண்டும். திரை எதற்கு என்று ஒரு நிமிடம் புரியவில்லை. அப்புறம் உறைத்தது: ராத்திரி வெளிச்சத்தைக் கடலுக்கு அனுப்பும் அதே வில்லை, பகலில் வெயிலை உள்ளே குவித்துவிடும்.

மார்ச் 18

கதையை 1898-க்குத் தள்ளிவிட்டேன். இப்போது பாதரசம் இருக்கலாம். விளக்கில் மண்ணெண்ணெய், அதற்காகப் பழைய அத்தியாயங்களில் எண்ணெய் வாசனை வரும் இடமெல்லாம் திருத்த வேண்டும், ஒரு வார வேலை.

மார்ச் 19

மறதி முற்றிய ஒரு காலையில் அவர் திரை போடாமல் கீழே இறங்கிவிடுகிறார். மேலங்கி வில்லைக்குப் பக்கத்தில் நாற்காலியில் கிடக்கிறது. கருகும் வாசனை படிக்கட்டில் முதலில் மகளுக்குத்தான் வருகிறது. இதை எந்தக் கருவியிடமும் கேட்கவில்லை. நாளை அவள் மேலே ஏற வேண்டும்.