ஏகம்பத்தில் கிடைத்த இடக்கண்

அம்மாவுக்கு இடது கண்ணில் புரை நீக்கி ஆறு வாரம் ஆகியிருந்தது. இனி வெளியூர் போகலாம் என்று டாக்டர் சொன்னதும், அவர் கேட்ட முதல் ஊர் காஞ்சிபுரம். ஏன் என்று நான் கேட்கவில்லை. தேவாரம் ஓதுகிற வீட்டில் அதை விளக்கத் தேவையில்லை.

காஞ்சிக்கு வருகிறவர்கள் ஒரே நாளில் பத்துக் கோயில் என்று திட்டம் போடுவார்கள். நாங்கள் நான்கோடு நிறுத்திக்கொண்டோம். மதியம் நடை சாத்தினால் மறுபடி மாலையில்தான் திறப்பார்கள். ஓடி ஓடிப் பார்ப்பதில் மனசு எங்கேயும் நிற்காது.

காலையில் சின்ன காஞ்சிபுரம், வரதராஜப் பெருமாள். பெருமாள் சந்நிதி இருக்கும் அத்திகிரியின் 24 படிகளையும் அம்மா என் கையைப் பிடிக்காமலே ஏறினார். இறங்கி வந்து அனந்தசரஸ் குளக்கரையில் கொஞ்ச நேரம் நின்றோம். இந்தக் குளத்துக்குள் இருக்கும் அத்திவரதர் 2019-ல் வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தபோது கூட்டத்துக்குப் பயந்து வராமல் இருந்துவிட்டோம். இனி 2059-ல்தான். தண்ணீரைப் பார்த்தே கும்பிட்டுக்கொண்டார்.

அப்புறம் ஏகாம்பரநாதர். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடியே உள்ளே போனோம். இங்கே சுவாமி பிருத்வி லிங்கம், அம்பாள் மணலால் பிடித்து வைத்து வழிபட்டது. அதனால் லிங்கத் திருமேனிக்கு நீர் அபிஷேகம் கிடையாது.

திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்கு, பிரிய மாட்டேன் என்று கொடுத்த சத்தியத்தை மீறிப் புறப்பட்டதால் இரண்டு கண்ணும் இழந்தார் தேவாரம் பாடிய சுந்தரர். வழி தடவித் தடவி இந்தச் சந்நிதிக்கு வந்து பாடினார். இடக்கண் மட்டும் கிடைத்தது. அந்த 'ஆலந்தான் உகந்து' பதிகத்தை அம்மா மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு பாட்டும் 'காணக் கண் அடியேன் பெற்றவாறே' என்று முடியும்போது அவர் குரல் தழுதழுத்தது. நான் இமைக்காமல் லிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தடவை கேட்ட பதிகம்தான். அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

காமாட்சி சந்நிதியில் நல்ல கூட்டம். பத்மாசனத்தில், கையில் கரும்பு வில்லோடு அவளை ஒரு நிமிடம் பார்த்தோம். அது போதும்.

மாலையில் கைலாசநாதர். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. காஞ்சியில் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் சொல்வேன். மணற்கல் வெயிலில் பொன்னாக மாறும் அந்த நேரத்தில், சுற்றிலும் உள்ள 58 சிறு சந்நிதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடக்க வேண்டும். பூசலார் நாயனார் மனசுக்குள் கட்டிய கோயிலுக்காக இறைவன் பல்லவ மன்னனிடம் தள்ளிப்போடச் சொன்ன குடமுழுக்கு, இந்தக் கற்கோயிலுக்கு உரியது என்பார்கள்.

நான் முன்னால் போய்விட்டேன். "இங்க வா, சாயம் இருக்கு பாரு" என்று அம்மா கூப்பிட்டார். ஒரு மாடத்தின் உட்சுவரில், சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தது போக மிஞ்சிய பல்லவர் ஓவியத்தின் செந்நிறக் கோடு. நான் கவனிக்காமல் கடந்து போன இடம் அது.

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் அம்மா சொன்னார்: "வலது கண்ணு ஆபரேஷன் முடிஞ்சதும் திருவாரூர் போகணும். சுந்தரருக்கு அது அங்கதான் கிடைச்சுது."