தைப்பூச இரவில் தீர்ந்துபோன கனெக்‌ஷன்கள்

2024 ஜனவரி 25, தைப்பூசம். மொரீஷியஸில் அன்று அரசு விடுமுறை. என்னுடன் வேலை பார்க்கும் இந்த ஊர்த் தமிழர் பத்து நாள் விரதம் இருந்து, கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடி எடுத்துப் போயிருந்தார். அதனால் அன்றைய இரவு டியூட்டி என் தலையில். விடுமுறை நாள், வேலை இருக்காது என்று நானும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். இரவு 11.20க்கு போன் அலறியது.

நாங்கள் பார்த்துக்கொள்ளும் அப்ளிகேஷன் சாதாரணமான ஒன்று. ஒரு கடைத் தொடரின் 22 கிளைகளிலிருந்து இரவு விற்பனைக் கோப்புகள் வரும். அவற்றைப் படித்து, சரிபார்த்து, ஒரே போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டும். எழுதியது ஜாவாவில். தரவுத்தளத்தோடு பேசும் இணைப்புதான் கனெக்‌ஷன்; சிலவற்றைத் திறந்து வைத்து, கேட்கும் வேலைக்குக் கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வது பூல். கனெக்‌ஷன் பூலுக்கு ஹிகாரி என்ற லைப்ரரி. பூலின் அளவை யாரும் தொட்டதில்லை; அதாவது ஹிகாரி தானாக வைத்துக்கொள்ளும் 10.

அப்ளிகேஷன் நடப்பதை எழுதி வைக்கும் லாகில் இருந்தது ஹிகாரி பயன்படுத்தும் எல்லோருக்கும் பழக்கமான செய்திதான்: கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, 30,000 மில்லி செகண்ட் காத்திருந்து கைவிட்டேன். ரோஸ் ஹில்லில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து அதோடு இருந்த ஸ்டாக் ட்ரேஸை, அதாவது கோடில் எந்த இடத்தில் நின்றது என்று காட்டும் பட்டியலை, வரி வரியாகப் படித்தேன். அரை மணி நேரம் வீண். அந்த ட்ரேஸ் காட்டுவது கனெக்‌ஷன் கிடைக்காமல் நின்றவனை. எடுத்துக்கொண்டு திருப்பித் தராதவனை அல்ல. பஸ்ஸில் இடமில்லை என்று கத்துபவரை விசாரித்து, சீட்டில் தூங்குகிறவரைக் கண்டுபிடிக்க முடியுமா?

ரீஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. தடயமும் அதோடு போயிற்று.

அந்த இரவில் கண்ணெதிரே இருந்த ஒன்றை நான் கவனிக்கவில்லை. வழக்கமாக 22 கோப்பு வரும் இடத்தில் அன்று வந்தவை மூன்று. மாதத்திலேயே வேலை மிகக் குறைந்த இரவில் கனெக்‌ஷன் எப்படித் தீரும்? தூக்கக் கலக்கத்தில் இது தோன்றவில்லை.

மறுநாள் எபேன் அலுவலகத்தில் எல்லோரிடமும் ஒரே பதில் இருந்தது: புயல். ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் அடித்துச் செல்லப்பட்டதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த வாரத்திலிருந்தே இரவு வேலை மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இருபது நிமிட வேலை இரண்டு மணி நேரம் எடுத்தது. லாகில் அதே 30 செகண்ட் செய்தி அங்கங்கே இருந்தது. ஆனால் எங்கள் அப்ளிகேஷன் தோற்றுப்போன கோப்பை ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுக்கும் என்பதால், விடிவதற்குள் எப்படியோ முடிந்துவிடும். கேபிளில் ஏதோ பாதிப்பு, நெட்வொர்க் இன்னும் சரியாகவில்லை என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம்.

ரீஸ்டார்ட் இல்லாமல், ஓடும்போதே, நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, பூலை 10லிருந்து 30 ஆக்கினேன். இது வெட்கப்பட வேண்டிய வேலை, பின்னால் சொல்கிறேன். இன்னொன்று, ஹிகாரியின் லீக் டிடெக்‌ஷன் த்ரெஷோல்டை 60 செகண்டுக்கு வைத்தேன். சும்மா விட்டால் அது பூஜ்யம், அதாவது அணைந்தே இருக்கும். அதைப் போட்டால், கனெக்‌ஷனை எடுத்து அவ்வளவு நேரம் தராமல் வைத்திருக்கும் இடத்தின் ஸ்டாக் ட்ரேஸை லாகில் எழுதும். எழுதும், அவ்வளவுதான், பிடுங்கித் தராது.

மறுநாளே லாக் நிறைய எச்சரிக்கை. பெரிய கிளைகளின் கோப்பை ஏற்றவே மூன்று நான்கு நிமிடம் ஆகும், அவை எல்லாமே லீக் என்று பதிவாகியிருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, முன்பு சொன்ன கனெக்‌ஷன் திரும்பி வந்துவிட்டது என்றும் ஹிகாரியே எழுதியிருந்தது. இந்த இரைச்சலைப் பார்த்துச் சலித்துப்போய் லாகை மூடிவிட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை. காவடி எடுத்த நண்பர் கிளை வரிசை எண் டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்கப் பார்த்தார். அதற்கான ஆல்டர் டேபிள் கட்டளை அப்படியே நின்றுவிட்டது. அதன் பின்னால் அந்த டேபிளைக் கேட்ட மற்ற குவெரிகளும் வரிசையாக நின்றன. உடனே அதைக் கேன்சல் செய்துவிட்டு, எந்தக் கனெக்‌ஷன் என்ன செய்கிறது என்று போஸ்ட்கிரெஸ் காட்டும் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி என்ற வியூவைத் திறந்தோம். இதை முதல் இரவே, ரீஸ்டார்ட்டுக்கு முன்னால் திறந்திருக்க வேண்டும்.

ஆறு கனெக்‌ஷன்கள் 'ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்' நிலையில் இருந்தன. ட்ரான்ஸாக்‌ஷனைத் தொடங்கி ஒரு வேலை செய்துவிட்டு, கமிட்டும் (உறுதி செய்வது) இல்லாமல் ரோல்பேக்கும் (ரத்து செய்வது) இல்லாமல் சும்மா இருப்பவை. சும்மா படிக்க மட்டும் ஒரு செலக்ட் ஓட்டியிருந்தாலும் அந்த டேபிள் மேல் ஒரு லேசான பூட்டு ட்ரான்ஸாக்‌ஷன் முடியும்வரை இருக்கும். ஆல்டர் டேபிளுக்கு அதுவே போதும், நகராது. அந்த வியூவில் ஒவ்வொரு கனெக்‌ஷனும் கடைசியாக ஓட்டிய குவெரியும் தெரியும். ஆறிலும் ஒரே குவெரி: ஒரு கிளைக்குக் கடைசியாக ஏற்றிய வரிசை எண் என்ன?

ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கிய நேரத்தைப் பார்த்தோம். மூன்று ஜனவரி 25 இரவு, நான் ரீஸ்டார்ட் செய்த பிறகு. மூன்று பிப்ரவரி 1 இரவு. நடுவில் ஒன்றுமே இல்லை. நான் சர்வர் பராமரிப்பு, பேக்கப் நேரம் என்று எதையெதையோ யோசித்துக்கொண்டிருந்தேன். நண்பர் திரையைப் பார்த்த உடனே 'கோன்ஸே' என்றார். கிரியோலில் விடுமுறை. பிப்ரவரி 1 அடிமை முறை ஒழிப்பு நாள். இந்த ஊரில் பிறந்தவருக்கு அது ஒரு நொடி வேலை. திருநெல்வேலிக்காரனான எனக்கு இந்த ஊர் நாட்காட்டி மனப்பாடம் இல்லை.

கடை மூடிய நாளில் பெரும்பாலான கிளைகள் கோப்பே அனுப்பாது. புது பில்லிங் மெஷின் வைத்த மூன்று கிளைகள் மட்டும் தலைப்பு வரி மட்டும் உள்ள காலிக் கோப்பை அனுப்பும். கோடைத் திறந்தோம். கனெக்‌ஷன் எடு, கடைசி வரிசை எண்ணைக் கேள், கோப்பைப் படி. வரிகள் இல்லையென்றால் ரிட்டர்ன், அதாவது அங்கேயே வெளியேறு. கனெக்‌ஷனை மூடும் வரி அதற்கு வெகு கீழே, கமிட்டுக்குப் பிறகு. பிழை வந்தால் ஓடும் கேட்ச் பகுதியிலும் ஒன்று இருந்தது, ஆகவே தப்பான கோப்பு வந்தால் ஒழுங்காக மூடிவிடும். காலிக் கோப்புக்கு மட்டும் இரண்டு வழியும் இல்லை. அந்த ரிட்டர்னை எட்டு மாதம் முன்னால் சேர்த்தது யார் என்று, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் பார்த்தோம். நான்தான்.

கணக்கு அப்புறம் தானாகப் பொருந்தியது. டிசம்பர் 28 அன்று சர்வர் ரீஸ்டார்ட். ஜனவரி 1, 2 இரண்டும் இங்கே விடுமுறை: ஆறு கனெக்‌ஷன் போயிற்று. புயல் நாளில் கடை மூடல்: ஒன்பது. மிச்சமிருந்த ஒரே கனெக்‌ஷனை வைத்துத்தான் பத்து நாள் 22 கிளைகளையும் ஓட்டியிருக்கிறோம்! தைப்பூச இரவில் முதல் காலிக் கோப்பு அதையும் எடுத்துக்கொண்டது. அதற்கு முன் மாதங்களில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புது வெர்ஷன் போடும்போது நடக்கும் ரீஸ்டார்ட். ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக ஜனவரி முழுக்க அதை நிறுத்தி வைத்திருந்தோம். நான் பூலை 30 ஆக்கியதன் பயன் இதுதான்: மூன்று விடுமுறை தாங்கியது பத்து விடுமுறை தாங்கும்.

ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. ஹிகாரி ஒரு கனெக்‌ஷனை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காதே, மேக்ஸ் லைஃப்டைம் என்ற அந்த விதி இதைச் சுத்தம் செய்திருக்க வேண்டாமா? வேண்டாம். அந்த விதி பூலுக்குள் திரும்பி வந்து கிடப்பவற்றுக்குத்தான். யாரோ கையில் வைத்திருப்பதை அது தொடாது. போஸ்ட்கிரெஸ் பக்கத்தில் ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷனுக்கு டைம்அவுட் வைக்கலாம், 9.6 வெர்ஷனிலிருந்து இருக்கிறது; 15 நிமிடம் வைத்தோம். அது பூட்டை விடுவிக்கும், ஆனால் பூலில் அந்த இடம் நிரம்பியதாகவே இருக்கும்.

திருத்தம் பத்து நிமிடம். ஜாவா 7 காலத்திலிருந்து இருக்கும் ட்ரை-வித்-ரிசோர்சஸுக்குள் கனெக்‌ஷனைப் போட்டோம். எந்த வழியில் வெளியேறினாலும் மூடும். தேடியதில் இதே மாதிரி ரிட்டர்ன் இன்னும் இரண்டு இடத்தில் கிடைத்தது. டெஸ்ட்தான் எனக்குப் பிடித்த பகுதி. காலிக் கோப்புக்கு முன்பே டெஸ்ட் இருந்தது, பாஸும் ஆகிக்கொண்டிருந்தது. ஒரே கோப்பு, பத்து கனெக்‌ஷன். ஒன்று கசிந்தால் யாருக்குத் தெரியும்? இப்போது டெஸ்டில் பூலின் அளவு 1, காத்திருப்பு 2 செகண்ட், அதே காலிக் கோப்பை இரண்டு முறை ஓட்டுகிறோம். பழைய கோடில் இரண்டாவது ஓட்டம் உடனே விழுந்தது.

பூலை மறுபடி 10 ஆக்கினோம். அடுத்த விடுமுறை பிப்ரவரி 10, சீனப் புத்தாண்டு. அன்று டியூட்டி நண்பருக்கு. 11ஆம் தேதி காலை, நான் கேட்காமலே, பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டியின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். மூன்று காலிக் கோப்பு, ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன் ஒன்றுகூட இல்லை.