செப்டிக் டாங்கும் அம்மாவின் குதிக்காலும்

அம்மாவை வாட்டிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் காட்டில் எனக்குப் பிடிபட்டது ஒரே ஒரு சொல்: செப்டிசீமியா. வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் வரும்போது வாசித்துக் காட்டினேன்.

"செப்டிக் டாங்கோ?" என்றார் அம்மா.

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா சொன்னதில் பிழையில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். கிரேக்கத்தில் ‘செப்சிஸ்’ என்றால் அழுகல். இலியட் என்ற பழைய கிரேக்கக் காவியத்தில், ஹெக்டர் என்ற வீரன் செத்துப் பன்னிரண்டு நாளாகியும் உடல் அழுகவில்லை என்று அவன் தகப்பனுக்குச் சொல்லுமிடத்தில் வருவதும் இதன் வினைச்சொல்தான். அதோடு ‘ஹைமா’, அதாவது குருதியைச் சேர்த்து 1837இல் இந்த நோய்ப் பெயரைக் கட்டியவர் பியொரி என்ற பிரெஞ்சு வைத்தியர். அழுகல் குருதி! இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

சொல்லாததும் நல்லதுதான். ‘ரத்தம் நஞ்சாகிவிட்டது’ என்று தமிழில் சொல்லப்போய்த்தான் வினை வந்தது. ஹோர்லிக்ஸ் போத்தலோடு பார்க்க வந்த கீழ்மாடி அன்ரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நஞ்சோ? ஆர் வச்சது?" என்று கேட்டார்.

ஒருவரும் வைக்கவில்லை. அம்மாவுக்குச் சீனி வருத்தம். குதிக்காலில் நகக்கண் அளவு வெடிப்பு. நோகவில்லை என்பதால் மஞ்சளை அப்பிக்கொண்டு இருந்துவிட்டார். ஒரு இரவு பல்லுக் கிட்டுகிற நடுக்கம், காய்ச்சல், பேச்சிலும் தடுமாற்றம். அந்த வெடிப்பு வழியாகக் கிருமி ரத்தத்துக்குள் போய்விட்டது. கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பே நிலை தவறித் தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையும் அடிப்பதுதான் ஆபத்தாம். 2016இல் திருத்திய வரைவிலக்கணமும் இதைத்தான் சொல்கிறது. இப்போது வைத்தியர்கள் பெரும்பாலும் ‘செப்சிஸ்’ என்றே சொல்கிறார்கள். காட் எழுதிய டொக்டர் பழைய ஆள் போலிருக்கிறது.

சரி, அன்ரிக்கு இவ்வளவும் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிட்டது. டாங்க் கதையையும் உளறிவிட்டேன், அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

நேற்று ஒழுங்கைக்குள் மலக்குழி இறைக்கிற பவுசர் வந்து நின்றது. கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அம்மா சொன்னார்: "உன்ர கிரேக்கக்காரன் வந்திட்டான், ஜன்னலைச் சாத்து."