தார்வாடில் பாட்டுப் படிக்கும் பிள்ளைகள்: ஒரு பயணக் கணக்கு

பெங்களூரிலிருந்து வட கர்நாடகத்தின் தார்வாடுக்கு இரவு ரயிலில் இடம் கிடைக்காததால் 1,200 ரூபாய் கொடுத்து ஏறிய தனியார் படுக்கைப் பேருந்தைப் பற்றி முதலில் எழுதித் தீர்த்துவிடுகிறேன். தலைக்கு மேலிருந்த குளிர்சாதனத்திலிருந்து சொட்டிய தண்ணீர் போர்வையை நனைத்தது. நடத்துநரிடம் சொன்னபோது ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்குள் இறக்கிவிடுவதாகச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள், விடியற்காலை நான்கு மணிக்குப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டார்கள். அங்கே காத்திருந்த ஒரே ஆட்டோக்காரர் ஆறு கிலோமீட்டருக்கு 400 ரூபாய் கேட்டார். இருட்டும் பையின் கனமும் அவர் பக்கம் இருந்ததால் 300-க்குப் படிந்தது. பெங்களூரிலிருந்து இரவில் கிளம்பும் ராணி சென்னம்மா எக்ஸ்பிரஸில் முன்கூட்டியே பதிவு செய்தால், நான் பேருந்துக்குக் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில், காலையில் தார்வாடு நிலையத்திலேயே இறங்கலாம். போகிறவர்கள் அதிலேயே போங்கள்.

வழி, தங்குமிடம், சாப்பாடு, செலவு என்று ஒழுங்காக எழுதத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அன்று காலை ஐந்தரை மணிக்கு தார்வாடின் மாளமட்டிப் பகுதியில், ஹிந்துஸ்தானி இசை சொல்லிக்கொடுக்கும் ஒரு குருவின் வீட்டு மாடியில் கேட்டதை எழுதாமல் விடுதி வாடகையைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

கன்னடம் பேசும் ஓர் ஊரில் ஹிந்துஸ்தானி இசை எப்படி இவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தார்வாடு அந்நாளில் பம்பாய் மாகாணத்தில் இருந்தது. மராத்தி நாடகக் கம்பெனிகள் தங்கள் பாட்டுகளோடு இங்கே வந்து முகாமிட்டன. மைசூர் அரண்மனைக்குப் பாடப் போன வடநாட்டு உஸ்தாதுகள் வழியில் இங்கே தங்கினார்கள், பாடினார்கள், சீடர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் விளைச்சலான பெரும் பாடகர்களைத்தான் நாம் பெயர் பெயராகச் சொல்கிறோம்: 1910-இல் பிறந்த மல்லிகார்ஜுன் மன்சூர், 1913-இல் பிறந்த கங்குபாய் ஹங்கல், 1917-இல் பிறந்த பசவராஜ் ராஜ்குரு, 1922-இல் பிறந்த பீம்சேன் ஜோஷி. எல்லோரும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். இவ்வளவு பெரிய வரிசைக்குப் பிறகு இன்று இங்கே யார் படிக்கிறார்கள், எப்படிப் படிக்கிறார்கள், அந்த ஆண்டுகளில் அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று பார்க்கத்தான் நான் போனேன்.

அந்த வீட்டில் பாட்டுப் படிக்கும் ஒரு நண்பர் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். குருஜி வாசலுக்கே வந்து "பர்ரி, பர்ரி" என்று தார்வாட்டுக் கன்னடத்தில் அழைத்து, மாடியறையின் பின்சுவரோரம் ஒரு ஜமக்காளத்தைக் காட்டினார். ஆறேழு பிள்ளைகள் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கரஜ் சாதகம், அதாவது மந்திர ஸ்தாயி எனும் கீழ்க்குரல் பயிற்சி. ஆண் பிள்ளைகள் தங்கள் ஷட்ஜத்திலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாகக் கீழே இறங்கி, மூச்சு தீரும் வரை ஒவ்வொன்றிலும் நின்றார்கள். அரை மணி நேரத்துக்குப் பிறகு சுருதியை மாற்றிப் பெண் பிள்ளைகளின் முறை வந்தது. நம்மூர்க் கணக்கில் ஐந்தரைக் கட்டை. ராகம் கிடையாது, பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. ஸ்வரங்கள் மட்டும். வெளியே பால்காரரின் மணியும் காகங்களும் கேட்டுக்கொண்டிருக்க, அறைக்குள் அந்தக் கீழ் ஷட்ஜம் தரையிலேயே அதிர்ந்தது.

அதன் பிறகு பைரவ் ராகம். இருபது வயது இருக்கும் ஒரு பெண் பாடத் தொடங்கினார். கைப்பேசிச் செயலியில் ஒலித்துக்கொண்டிருந்த தம்புராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, மூலையில் இருந்த மெய்யான தம்புராவை அவர் கையில் கொடுத்தார் குருஜி. சுருதி சேர்ப்பதற்கே நெடுநேரம் ஆனது. பிருடையைத் திருகி, மணியை நகர்த்தி, கடைசியில் தந்திகள் படிந்திருக்கும் கட்டையான குதிரையின் மேல் தந்திக்கு அடியில் இருக்கும் நூலை நகக்கண்ணால் மயிரிழை அளவு தள்ளிக்கொண்டே வந்தார் அந்தப் பெண். ஓர் இடத்தில் தந்தி சட்டென்று வாய்திறந்து ரீங்கரித்தது. அறையில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். குருஜி "ம்" என்று மட்டும் சொன்னார்.

பைரவின் ஸ்வரங்கள் நம் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்களேதான். சரளிவரிசை படித்த எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் அவை தெரியும். ஆனால் அதன் ரிஷபம் வேறு உயிர். அந்தப் பெண் காந்தாரத்திலிருந்து ரிஷபத்துக்கு நேரே இறங்கினார். குருஜி கையைக் காட்டி நிறுத்தினார். "மத்தியமத்திலிருந்து வா, காந்தாரத்தைத் தடவிக்கொண்டு வா, ரிஷபத்தில் வந்து உட்கார், அங்கே மெல்ல ஆடு. ஆட்டம் தெரியவேண்டும், அவசரம் தெரியக்கூடாது" என்றார். அந்தப் பெண் மறுபடி பாடினார், குருஜி மறுபடி நிறுத்தினார். அந்த ஒரே ஒரு சொற்றொடரில், க ம ரி ஸ என்ற நான்கே ஸ்வரங்களில், ஒரு மணி நேரம் போயிற்று. குருஜியின் குரல் ஒருமுறையும் உயரவில்லை. அந்தப் பெண்ணின் முகத்திலும் சலிப்பு இல்லை. பிறகு ஒரு தடவை அந்த ரிஷபம் சரியாக வந்து அமர்ந்து, அலை கரைக்கு வந்து திரும்புவதைப் போல மிக மெதுவாக ஆடியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் கேட்ட பல கச்சேரிகளில் கிடைக்காதது அந்த மாடியில் கிடைத்தது என்று எழுத எனக்குத் தயக்கமே இல்லை.

இடைவேளைத் தேநீரின்போது பிள்ளைகளிடம் பேசினேன். போன ஆண்டு முழுவதும் யமன் என்ற ராகம் ஒன்றையே படித்ததாக ஒருவர் சொன்னார். பாகல்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தவரான அவர், மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் சொல்லிக்கொடுத்து அறை வாடகை கட்டுகிறார். தபலா வாசிக்கும் தம்பி, மிக மெதுவாகப் போகும் விளம்பித ஏக்தால் என்ற தாளத்தின் பன்னிரண்டு மாத்திரைகளை ஓர் ஆவர்த்தனம் ஏறக்குறைய ஒரு நிமிடம் நீளும்படி மணிக்கணக்கில் வாசித்து மற்றவர்களுக்குத் துணை நிற்கிறான். அதுவே அவனுக்கும் பயிற்சி என்கிறான். பைரவ் பாடிய பெண் ஹாவேரி மாவட்டத்திலிருந்து தினமும் பேருந்தில் வருகிறார். 2023 ஜூனில் கர்நாடக அரசு தன் மாநிலப் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணத்தைக் கொண்டுவந்த பிறகுதான் வாரத்துக்கு இரண்டு நாள் என்றிருந்த அவருடைய பாடம் தினசரிப் பாடமாக ஆகியிருக்கிறது. மிச்சமாகும் பேருந்துக் காசு, மகாராஷ்டிரத்தின் மீரஜ் ஊரில் செய்யும் தம்புரா ஒன்றுக்குச் சேர்கிறது. நல்லதாக வேண்டுமென்றால் நாற்பதாயிரம் வரை சொல்கிறார்களாம். இசைக்கென்று தரப்படும் உதவித்தொகைகளைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஒரு பேருந்துச் சீட்டு செய்த வேலையை நான் அந்த மாடியில் கண்ணால் பார்த்தேன். இரண்டே ஆண்டு படித்த பிள்ளையைத் தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்பத் துடிக்கும் பெற்றோர்கள் ஒரு காலைப்பொழுது அங்கே வந்து உட்கார வேண்டும்.

வெளியே வந்தபோது பசி கண்ணை மறைத்தது. இந்த ஊரில் கானாவளி என்ற பலகை தொங்கும் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளைத் தவிர வேறெங்கும் சாப்பிடாதீர்கள். கண்ணெதிரே தட்டிச் சுட்ட சோள ரொட்டி, நிலக்கடலையும் எள்ளும் அரைத்து அடைத்த எண்ணெய்க் கத்தரிக்காய், முளைகட்டிய பயறு, கடலைப் பொடியின் மேல் ஊற்றிய தயிர், கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம். ரொட்டியைக் கேட்கக் கேட்க வைத்தார்கள். நூறு ரூபாய்க்குள் முடிந்தது. காலையில் ஆட்டோவில் போன முந்நூறுக்கு மூன்று வேளை இப்படிச் சாப்பிட்டிருக்கலாமே என்ற நினைப்பு மட்டும் தொண்டையில் நின்றது. லைன் பஜாரில் பேடாவும் வாங்கினேன். பாலை நன்றாகக் காய்ச்சிச் சுண்டவைத்து, பழுப்பு நிறம் வந்த பிறகு சர்க்கரையில் புரட்டியது. வரிசையில் நிற்கத் தகுந்த இனிப்புதான்.

தார்வாடிலிருந்து ஹூப்ளி இருபது கிலோமீட்டர் சொச்சம். தனிப்பாதையில் ஓடும் சிகரி என்ற குளிர்சாதனப் பேருந்துகள் சில்லறைக் காசில் கொண்டுபோய்விடுகின்றன. ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை.

ஹூப்ளிக்குத் தெற்கே இருக்கும் குந்த்கோளுக்குப் போனது முழுக்க முழுக்க பக்தியால். சவாய் கந்தர்வா என்று அறியப்பட்ட பாடகர் ராம்பாவு குந்த்கோள்கர் வாழ்ந்த ஊர் அது. கங்குபாய் ஹங்கல் ஹூப்ளியிலிருந்து ரயிலேறி இங்கே வந்து பாடம் கேட்டுவிட்டுத் திரும்புவார். சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடிக் குவாலியர், ஜலந்தர் என்று குருவைத் தேடி அலைந்த பீம்சேன் ஜோஷி, கடைசியில் தன் ஊருக்குப் பக்கத்திலேயே இந்தக் குருவிடம் வந்து சேர்ந்து, வீட்டுக்குத் தண்ணீர் சுமந்துகொண்டே படித்தார். சவாய் கந்தர்வாவின் குருவான அப்துல் கரீம் கான் பாடிய நாட்கீர் வாடா என்ற பெரிய மரத்தூண் வீடு இன்னும் நிற்கிறது. அது ஒரு குடும்பத்தின் சொந்த வீடு. கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்கு நம் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையம் நினைவுக்கு வந்தது. 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் உடல்நிலை கெட்டு, அப்துல் கரீம் கான் சாகேப் இறங்கிக் காலமான இடம் அது. தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனையைப் பாடி இசைத்தட்டில் விட்டுச்சென்றவருக்கு, தினமும் ஆயிரக்கணக்கான செங்கல்பட்டுப் பயணிகள் கடந்துபோகும் அந்த நடைமேடையில் எல்லோர் கண்ணிலும் படும்படியாக ஒரு நினைவுக் கல் வைக்க வேண்டும்.

ஹூப்ளியிலிருந்து கதக் நகரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். பருத்தியும் மிளகாயும் விளையும் கரிசல் காட்டுக்கு நடுவே, இருக்கை நுரை கிழிந்து கம்பி குத்தும் ஒரு பேருந்தில் போனேன். இறங்கிய பிறகு முதுகு இரண்டு நாள் வலித்தது. ஆனால் இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் கதக்கின் வீரேஸ்வர புண்யாசிரமத்துக்குப் போங்கள் என்றே சொல்வேன்.

பார்வையற்றவரான பஞ்சாட்சர கவாயி தொடங்கிய இடம் இது. கர்நாடக இசை, ஹிந்துஸ்தானி இசை இரண்டிலும் தேர்ந்த அவர், பார்வையற்ற பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் சாதி பாராமல் சேர்த்துச் சோறு போட்டுப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பணம் வேண்டுமே. நாடகக் கம்பெனி நடத்தினார். 1944-இல் அவர் மறைந்த பிறகு, அவரைப் போலவே பார்வையற்ற புட்டராஜ கவாயி பொறுப்பேற்றார். பக்தர்கள் ஊர் ஊராக அவரைத் தராசில் அமர்த்தி எடைக்கு எடை நாணயம் கொடுத்தார்கள்; அந்தத் துலாபாரக் காசில்தான் ஆசிரமத்தில் உலை கொதித்தது. 2010-இல் அவர் மறையும் வரை அப்படியே நடந்தது. பசவராஜ் ராஜ்குரு பஞ்சாட்சர கவாயியிடம் படித்தவர். இன்று நாடெங்கும் பாடும் வெங்கடேஷ் குமார், சிறுவனாக 1968-இல் இங்கே வந்து சேர்ந்து, புட்டராஜரிடம் பல ஆண்டுகள் படித்தவர்.

உள்ளே நுழைந்ததும் ஒரே ஒலிக்காடு. ஒரு தூணடியில் ஆர்மோனியம், அடுத்த தூணடியில் வயலின், படிக்கட்டில் தபலாவின் ஜதிகள். ஒருவர் மற்றவரைப் பொருட்படுத்துவதாகவே தெரியவில்லை. பத்து வயதுகூட நிறையாத பார்வையற்ற சிறுவன் ஒருவனுக்கு மூத்த மாணவர் தபலா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பார்வை இல்லை. சிறுவனின் ஆள்காட்டி விரலைப் பிடித்துத் தோலின் விளிம்பில் வைத்து "நா" என்றார். விரலைச் சற்று உள்ளே நகர்த்தித் "தின்" என்றார். பிறகு தன் உள்ளங்கையை அவன் கையின் மேல் மெல்லப் படியவைத்து, எவ்வளவு கனத்தில் அடிக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே புரியவைத்தார். சிறுவன் தனியாக அடித்தபோது ஒலி மொட்டையாக விழுந்தது. மூத்தவர் சிரித்துவிட்டு மறுபடி விரலைத் தேடிப் பிடித்தார்.

மதியம் மணி அடித்ததும் எல்லாப் பயிற்சியும் நின்றது. ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து வரிசையாகப் பந்திக்குப் போனார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். ரொட்டி, பருப்பு, சாதம், சாறு என்று அவர்கள் சொல்லும் ரசம். காசு கேட்கவில்லை. தார்வாடு மாடியில் அந்தப் பாகல்கோட்டைத் தம்பி மாலைப் பொழுதைக் கொடுத்து வாங்கும் பயிற்சி நேரத்தை, இங்கே இந்தப் பந்தி பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. திறமை எங்கும் பிறக்கிறது என்பதை நான் நம்புகிறேன். ஓராண்டு முழுக்க ஒரே ராகத்தில் உட்கார்ந்திருக்க ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்கவலை இல்லாத காலம் வேண்டும். அதைக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: விடுதிக்கு நாளொன்றுக்கு 700 ரூபாய் ஆனது, அறை சுமார்தான், வெந்நீர் காலை ஏழு மணிக்கு மேல் வராது. பேருந்தையும் ஆட்டோவையும் தவிர வேறெதுவும் கையைக் கடிக்கவில்லை. தம்புரா செய்யும் மீரஜ் வரை போகப் பணம் போதவில்லை. அப்துல் கரீம் கான் அடக்கமானதும் அங்கேதான், ஆகவே அடுத்த பயணம் அதற்கே. குருமார்களின் வீட்டுக்குப் போக விரும்புகிறவர்கள் முன்பே அனுமதி வாங்குங்கள், பாடம் தொடங்குவதற்கு முன் போய் உட்காருங்கள், கைப்பேசியில் பதிவு செய்யாதீர்கள். கதக் ஆசிரமத்தில் அரிசி, பருப்பு, பணம் எதுவானாலும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு என்று சொல்லியும் கொடுக்கலாம்.