பவளத்தொட்டியில் பிஎச் விழுந்தால் முதலில் வீட்டுக் காற்றைப் பாருங்கள்

போன வருடம் ஜூன் மாதம் மூன்று வாரம் நான் நிம்மதியாகத் தூங்கவில்லை. சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு பவளத்தொட்டி, அதாவது உயிருள்ள பவளமும் மீனும் வளர்க்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, கீழே சம்ப் என்கிற துணைத்தொட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 300 லிட்டர் தண்ணீர். காலை ஆறரைக்கு பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) 8.0, மாலை விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் 8.25, மூன்று வருடமாக இதுதான் அதன் வழக்கம். ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை 7.82 என்று காட்டியது. அடுத்த நாள் 7.76. அதற்கடுத்த நாள் 7.7. மாலையில்கூட 7.95-ஐத் தாண்டவில்லை.

பகலுக்கும் இரவுக்கும் நடுவில் பிஎச் 0.2, 0.3 ஏறி இறங்குவது எல்லாத் தொட்டியிலும் நடப்பதுதான், அதற்குப் பதற வேண்டாம். விளக்கு எரியும்போது பாசிகளும், பவளத்தின் சதைக்குள்ளேயே குடியிருக்கும் நுண்பாசிகளும் தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்கின்றன, பிஎச் ஏறுகிறது. விளக்கு அணைந்ததும் மீன், பவளம், மணலில் இருக்கும் பாக்டீரியா எல்லாம் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருக்கின்றன, பிஎச் இறங்குகிறது. ஆனால் காலையும் மாலையும் சேர்ந்து மொத்த வரைகோடே கீழே போனால் அது வேறு சங்கதி.

முதலில் மீட்டரைத்தான் சந்தேகப்பட்டேன். எல்லோரும் அங்கேதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் தண்ணீரில் முங்கியிருக்கும் அதன் புரோப் ஒன்றரை வருடம் பழையதானாலே தடுமாற ஆரம்பித்துவிடும். நுனியில் படிந்திருந்த பாசியைக் கழுவிவிட்டு, 7, 10 என்ற இரண்டு கரைசல்களிலும் அளவு சரிபார்த்தேன். 0.06 தான் பிசகியிருந்தது. அது காரணம் இல்லை என்று ஆயிற்று. ஆல்கலினிட்டி, அதாவது அமிலத்தைச் சமாளிக்கும் தண்ணீரின் திறன், அதையும் பார்த்தேன், 7.8 டிகேஎச் (அதை அளக்கும் அலகு). உப்பு 35, வெப்பம் 26 டிகிரி. எல்லாம் ஒழுங்காகவே இருந்தன.

அந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் பிஎச் ஏற்றும் பவுடரைக் கரைத்து ஊற்றினேன். ஊற்றிய ஒரு மணி நேரத்துக்கு 0.1 ஏறும், மனசுக்கு ஆறுதலாக இருக்கும், ராத்திரி பார்த்தால் பழையபடி கீழே கிடக்கும். மறுபடி ஊற்றினேன். ஐந்தாம் நாள் ஆல்கலினிட்டி டெஸ்ட் கிட்டில் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்க்கிறேன், நிறம் மாறவே மாட்டேன் என்கிறது. பவுடர் ஆல்கலினிட்டியை ஏற்றிவிட்டிருந்தது, 10.6 டிகேஎச்! ஊதா நிற அக்ரோபோரா பவளம் ஒன்று, கட்டைவிரல் அளவில் வாங்கி உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்தது, அதன் கிளை நுனிகளில் ஒரு மில்லிமீட்டருக்குச் சதை போய் வெள்ளை எலும்பு தெரிந்தது. டார்ச் அடித்து ஒவ்வொரு நுனியாக எண்ணினேன். பதினொன்று. அந்தப் பதினொன்றும் என் கை ஊற்றியதால் வந்தவை என்று தெரிந்தபோது வயிற்றைப் பிசைந்தது.

தொட்டியின் பிஎச்சை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: ஆல்கலினிட்டி ஒன்று, கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு இன்னொன்று. ஆல்கலினிட்டி மாறாமல் இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடு இரண்டு மடங்கானால் பிஎச் கால் புள்ளிக்கு மேலேயே இறங்கிவிடும். ஆல்கலினிட்டி நன்றாக இருந்தும் பிஎச் விழுகிறது என்றால் பவுடரால் எந்தப் பயனும் இல்லை, வாயுவைத்தான் தேட வேண்டும்.

துப்பு கொடுத்தது என் மாமியார். பள்ளி விடுமுறைக்கு திருச்சியிலிருந்து மனைவியின் வீட்டார் ஆறு பேர் வந்திருந்தார்கள். ராத்திரி நாலு பேருக்கு ஹாலில்தான் படுக்கை, வெக்கை தாங்காது என்று ஜன்னலையெல்லாம் சாத்தி ஏர்கான் போட்டுவிடுவோம். ஒரு நாள் காலையில் காபி குடிக்கும்போது அத்தை சொன்னார்: "மாப்ள, இங்க எந்திரிக்கும்போதே தலை பாரமா இருக்கு. ஜன்னலைக் கொஞ்சம் தொறந்து வெச்சுட்டுப் படுக்கலாமா?" எனக்குச் சுரீர் என்றது. அவர்கள் வந்தது ஜூன் எட்டாம் தேதி. பிஎச் விழ ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

அன்று ராத்திரியே டம்ளர் சோதனை செய்தேன். இதற்குக் காசு செலவில்லை, எல்லோரும் செய்து பார்க்கலாம். இரண்டு கண்ணாடி டம்ளரில் தொட்டித் தண்ணீர் எடுத்தேன், இரண்டிலும் 7.78. ஒன்றை ஹாலிலேயே வைத்து, இன்னொன்றை வாசலுக்கு வெளியே தாழ்வாரத்தில் செருப்பு அலமாரி மேல் வைத்து, இரண்டிலும் ஏர்ஸ்டோன் போட்டுக் குமிழி விட்டேன். ஒரு மணி நேரம் கழித்து ஹால் டம்ளரில் 7.80. தாழ்வார டம்ளரில் 8.19! ஒரே தண்ணீர், நடுவில் இருப்பது ஒரு கதவு. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அலுவலக நண்பரிடம் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இரவல் வாங்கினேன். வெளிக்காற்றில் 430 பிபிஎம் காட்டிய அதே மீட்டர், ஹாலில் நள்ளிரவு ஒரு மணிக்கு 1,900 காட்டியது. சாதாரண ஏர்கான் அறைக்காற்றையேதான் சுற்றிச்சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. நம் ஸ்கிம்மரோ, அதாவது காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாக்கி எடுக்கும் கருவி, அந்தக் காற்றை மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் உறிஞ்சித் தண்ணீரில் கலக்குகிறது.

அப்புறம் வேலை சுலபமாகிவிட்டது. ஸ்கிம்மர் காற்று இழுக்கும் குழாயோடு மூன்று மீட்டர் ஹோஸ் சேர்த்து ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். மெல்லிய ஏர்லைன் குழாயை இத்தனை நீளத்துக்குப் போடாதீர்கள், காற்று இழுக்க முடியாமல் ஸ்கிம்மரில் நுரை செத்துவிடும், உள்விட்டம் 12 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இது மட்டுமே காலை பிஎச்சை 7.7-லிருந்து 7.88-க்குத் தூக்கியது. அத்தை சொன்னபடி சமையலறை ஜன்னலை ஒரு சாண் திறந்துவைத்ததில் இன்னும் 0.1.

ஹோஸை வெளியே விடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இங்கே கொசுவுக்குப் புகை அடிப்பார்கள். அந்த மருந்து இறாலையும் நண்டையும் கொல்லும் வகை, ஸ்கிம்மர் அதை நேராகத் தொட்டிக்குள் இழுத்துவிடும். எங்கள் மின்தூக்கி அருகே புகை அடிக்கும் தேதியை ஒட்டினால் அன்று காலையே ஹோஸைக் கழற்றி ஜன்னலைச் சாத்திவிடுவேன். புகைமூட்டக் காலத்திலும் அப்படித்தான்.

மீதி வேலையைச் சுண்ணாம்புத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. கால்க்வாசர் என்று கடையில் விற்பது வெறும் கால்சியம் ஹைட்ராக்சைடு, வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்புதான், ஆனால் வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பை வாங்கிக் கரைக்காதீர்கள், அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் லிட்டருக்கு ஒரு கிராம் கலக்கி, அடியில் மண்டி படிந்தபின் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுக்கிறேன். அதன் பிஎச் 12-க்கு மேல், அதனால் அவசரமே கூடாது. ஆவியாகிற தண்ணீருக்கு ஈடாக, ராத்திரி பத்திலிருந்து காலை எட்டு வரை, பம்ப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது. மொத்தமாகக் கொட்டினால் கால்சியம் கார்பனேட் உறைந்து தொட்டியே பாலாகிவிடும். இதுவே ஆல்கலினிட்டியும் கொடுப்பதால் மற்ற டோஸிங்கை (ஆல்கலினிட்டிக்காக ஊற்றும் கரைசல்களை) அதற்கேற்பக் குறைத்தேன். கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் சோடா லைம் டப்பாவும் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தேன், நன்றாகவே வேலை செய்தது, வெள்ளை மணிகள் ஊதாவாக மாறினால் தீர்ந்தது என்று பொருள், ஆனால் எங்கள் வீட்டில் பத்து நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருந்தது. ஜன்னல் இல்லாத அறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, மற்றவர்கள் முதலில் ஹோஸைப் போட்டுப் பாருங்கள்.

ஏற்றிவிட்ட ஆல்கலினிட்டியை இறக்க எதையும் ஊற்றவில்லை. டோஸிங்கை நிறுத்தினேன், பவளங்களே தின்று ஒன்பது நாளில் 8.2-க்குக் கொண்டுவந்தன. ஊரிலிருந்து வந்தவர்கள் கிளம்பின பிறகும் ஹோஸை எடுக்கவில்லை. இன்று காலை 8.06. அக்ரோபோராவின் பதினொரு நுனிகளில் ஒன்பது மூடிவிட்டன, இரண்டில் மட்டும் பச்சைப் பாசி ஏறிவிட்டது, அந்த இரண்டையும் வரும் ஞாயிற்றுக்கிழமை கட்டரால் நறுக்கிவிடலாம் என்று இருக்கிறேன்.