கையைக் கட்டிக்கொண்டு மூன்று மாதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். சென்ற ஆண்டு அக்கம்பக்கத்து மூன்று பள்ளிகளோடு சேர்ந்து, ‘ஒடிசி ஆஃப் தி மைண்ட்’ என்ற, மாணவர் குழுக்கள் புதிர்களுக்குப் புதுமையாகத் தீர்வு காணும் போட்டியின் விதிகளின்படி ஒரு நட்புப் போட்டி நடத்தினோம். எங்கள் குழுவின் ஏழு பிள்ளைகளுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இந்தப் போட்டியைத் தொடங்கிய சாம் மிக்லஸ், நியூஜெர்சியில் கல்லூரிப் பேராசிரியர். சக்கரமே இல்லாத வண்டி செய்து வாருங்கள் என்று மாணவர்களை ஏவிவிட்டவர். 1978இல் 28 பள்ளிகளோடு ஆரம்பமாகியிருக்கிறது. வாரக்கணக்கில் தயாரிக்கும் நெடும்புதிருக்கு 200 புள்ளி, அறைக்குள் போனபிறகு கொடுக்கும் திடீர்ப் புதிருக்கு 100, அலங்காரத்துக்கு 50. இவையெல்லாம் ஒரே நாளில் மனப்பாடமாகிவிட்டன. உடம்பில் ஏறாத விதி ஒன்றுதான்: பெரியவர்கள் யாரும் உதவக் கூடாது, யோசனைகூடச் சொல்லக் கூடாது.

நாங்கள் எடுத்தது கோபுரப் புதிர். பால்சா என்ற இலேசான மரக் குச்சியும் பசையும் மட்டுமே. எங்களுக்கு வைத்துக்கொண்ட எல்லை 18 கிராம். அதன் தலையில் இரும்புத் தட்டுகளை அடுக்க வேண்டும். எட்டு நிமிட நாடகத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

எண்ணெய் ஆலையில் வெல்டராக இருக்கும் ஒரு தகப்பனார் முதல் வாரமே வந்துவிட்டார். “டீச்சர், ஒரு மணி நேரம் கொடுங்கள். முட்டுக் கொடுக்கிற விதத்தை மட்டும் சொல்லித் தருகிறேன்” என்றார். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். ஓர் அம்மா ஏழு பேருக்கும் உடை தைத்துக் கொண்டுவந்தார். திருப்பிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கோயிலில் பார்த்தும் அவர் முகம் கொடுக்கவில்லை. பிள்ளைகள் அரிசிச் சாக்கை வெட்டி உடுத்திக்கொண்டார்கள். அந்த அம்மாவின் தையலுக்கு அருகில் வராது, சொல்லிவிடுகிறேன்.

பள்ளியில் இருந்த சமையல் தராசு தசமம் காட்டாது. பிள்ளைகளே பட்டணத்து நகைக்கடைக்குப் போய்க் கேட்டார்கள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கோபுரத்தைத் தங்கத் தராசில் வைத்தார்: 18.9. அன்றிலிருந்து உப்புத்தாளால் தேய்ப்பதுதான் வேலை. ஒருவழியாக 17.9க்கு இறக்கினார்கள். இரண்டு நாள் விடாத மழை. மறுபடி வைத்தால் 18.3! ஒருத்தி அழுதேவிட்டாள். யாரோ வேண்டுமென்றே பசை தடவிவிட்டார்கள் என்று சந்தேகம், சண்டை.

மரம் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தாங்க முடியாமல், “மழை நாளில் வீட்டு உப்பு டப்பா எப்படி இருக்கும்?” என்று கேட்டுத் தொலைத்தேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். மைலோ டின்னில் வறுத்து ஆறவைத்த அரிசியைக் கொட்டி, நடுவில் கோபுரத்தை நிறுத்தி மூடினார்கள். மூன்றாம் நாள் 17.9.

திடீர்ப் புதிருக்குத் தினமும் பத்து நிமிடப் பயிற்சி. எல்லோரும் சொல்லும் பதிலுக்குக் குறைந்த புள்ளி, யாருக்கும் தோன்றாததற்கு அதிகம். ‘வட்டமான ஒன்றைச் சொல்’ என்றதற்கு ஒருவன், “மாதக் கடைசியில் அப்பாவின் வங்கிக் கணக்கு” என்றான்.

போட்டியன்று தாத்தா காலத்துப் பெரட்டை, அதாவது தோட்டத்தில் வேலைக்கு முன் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு எண்ணுவதை, நாடகமாக்கியிருந்தார்கள். விடியற்காலை இருட்டு, தோட்டக் கணக்கரான கிராணி ஆள் கணக்கு எடுக்கிறார். ஒவ்வொரு பெயரும் கூப்பிடக் கூப்பிட ஒரு தட்டு ஏறுகிறது. 72 கிலோவரை தாங்கியது. பிறகு படாரென்று ஒரு சத்தம், தரையெல்லாம் குச்சி. கிராணியாக நடித்தவன் அசரவில்லை. “இன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போங்கள்” என்றான். அது ஒத்திகையில் இல்லாத வசனம்.

வெளியுதவி பெற்றிருந்தால் எழுதித் தர ஒரு படிவம் உண்டு. உப்பு டப்பாக் கேள்வியை அதில் எழுதினேன். ஐந்து புள்ளி போயிற்று. மூன்று புள்ளி வித்தியாசத்தில் இரண்டாமிடம். பஸ்ஸில் ஏழு பேரும் என்னோடு பேசவில்லை. எழுதியதற்காகக் கோபம் என்று நினைத்தேன். கடைசியில் சின்னவள்தான் வாயைத் திறந்தாள். “இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் நாங்களே கண்டுபிடித்திருப்போம், டீச்சர்.”

இந்த ஆண்டுப் பயிற்சி தொடங்கிவிட்டது. என் நாற்காலியைத் தூக்கி வகுப்புக்கு வெளியே, ரம்புத்தான் மரத்தடியில் போட்டிருக்கிறார்கள்.