இரைப்பை பலூன்: வைக்கும்போது அல்ல, எடுக்கும்போதுதான் அலைச்சல்

உடல் எடை குறைய வேலூரில் இரைப்பைக்குள் ஆறு மாத பலூன் வைத்து, ஒருவழியாக எடுத்தும் ஆயிற்று. வைத்தது பெரிய வேலையே இல்லை. மயக்க ஊசி, எண்டோஸ்கோப்பி (வாய் வழியாக விடும் கேமராக் குழாய்), பலூனுக்குள் நீலச் சாயம் கலந்த உப்பு நீர் (வழக்கமாக 400 முதல் 700 மில்லி), அவ்வளவுதான். கடுப்பேற்றியது எடுக்கப் போன நாள்.

கவுன்டரில் கொடுத்த சீட்டில் "இரவு 10 மணிக்கு மேல் சாப்பிட வேண்டாம்" என்று மட்டும் இருந்தது. அது சாதாரண எண்டோஸ்கோப்பிக்கு அச்சடித்து வைத்த சீட்டு. பலூன் உள்ளே இருந்தால் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். ஸ்கோப்பை விட்டதும் திரையில் முந்தின நாள் மதியச் சோறு, பருக்கை பருக்கையாக. மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் நிறுத்தியது சரிதான். ஆனால் அதற்கும் முழு பில்! கேட்டால், "நீங்க சாப்பிட்டுட்டு வந்துட்டீங்க." சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேலாளர் வரை போன பிறகுதான் அறை வாடகையைக் கழித்தார்கள். அதனால் எந்தச் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

எடுப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் நீர் ஆகாரம் மட்டும்: மோர், வடிகட்டிய ரசம், இளநீர். கேழ்வரகுக் கூழ் இதில் சேராது. கடைசி 12 மணி நேரம் வெறும் வயிறு. அதற்காக எடுக்கும் தேதியைத் தள்ளிப்போடவும் கூடாது. அமிலத்தில் பலூன் நைந்து, உள்ளே இருக்கும் நீர் கசிந்து சுருங்கினால் குடலுக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளலாம். கசிந்த சாயத்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போனால் அன்றைக்கே ஓடுங்கள்.

இன்சூரன்ஸில் "கேஷ்லெஸ் ஆகிவிடும்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். பாலிசிகள் பொதுவாக ஏற்பது உடல் பருமன் அறுவை சிகிச்சையைத்தான், அதுவும் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 40, அல்லது கடுமையான துணைநோயுடன் 35 இருந்தால். பலூன் அறுவை சிகிச்சையே இல்லை என்று கைவிரித்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து மெயில் வந்த பிறகே முன்பணம் கட்டுங்கள். பேக்கேஜில் பலூனை எடுக்கும் செலவும் அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். பல இடங்களில் அது தனி பில்.

பலூன் வைத்த முதல் மூன்று நாள் குமட்டலும் வாந்தியும் சகஜம். கத்திரி வெயிலில் வேலூரில் வைத்துக்கொண்டால் தண்ணீர்ச் சத்து வற்றி டிரிப்ஸில்தான் முடியும். மார்கழி, தை பாருங்கள். ஆம்பூர், குடியாத்தம்காரர்கள் இரண்டு இரவு வேலூரிலேயே தங்குவது நல்லது, பஸ் குலுக்கலில் அந்த வாந்தி தாங்காது. வாந்திக்கு நாக்கில் கரையும் ஓண்டான்செட்ரான் கேளுங்கள். அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் பலூன் இருக்கும்வரை தினமும். தலைவலிக்கு பாராசிட்டமால் மட்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கிவிடும்.

பலூனின் பெயர், நிரப்பிய அளவு, வைத்த தேதி மூன்றையும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதச் சொல்லி, ஒரு நகலை பர்ஸில் வையுங்கள். ராத்திரி வயிற்றுவலி என்று உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனால் டூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.